சுழி எங்கே விழ வேண்டும்? – இழைத் திசைக்கு ஆதாரக் கோடு தேடிய கதை

வரைபடம் ஒன்றில் "நான்காம் அடுக்கு: 30 டிகிரி" என்று எழுதியிருக்கிறது. கரி இழைத் துணியை மோல்டின் மேல் விரிக்கப் போகிறவர் அதைப் படித்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எதிலிருந்து 30? கோணம் என்றால் இரண்டு கோடுகள் வேண்டும். இழை ஒரு கோடு. மற்றக் கோடு எங்கே இருக்கிறது?

தட்டையான பலகை என்றால் நீள விளிம்பைக் காட்டிவிடலாம். விமானச் சிறகும் காற்றாலை இறக்கையும் தலைக்கவசமும் ராக்கெட் மோட்டார் உறையும் அப்படிக் கிடப்பதில்லை. அவற்றின் பரப்பு இடத்துக்கு இடம் திரும்புகிறது; ஓரிடத்தில் "நேர்" என்று காட்டிய திசை இன்னோர் இடத்துக்குப் போகும்போது என்னவாகிறது என்பதற்கே தனி விதி வேண்டியிருக்கிறது. இழையைப் பிசினில் பதித்துச் செய்யும் கூட்டுப்பொருளை வடிவமைக்கும் மென்பொருள்கள் ஒவ்வொன்றும் இந்த ஆதாரத் திசையைக் கேட்டுவிட்டுத்தான் மேலே நகர்கின்றன. பயனர் சொல்லாவிட்டால் தாமாகவே ஒன்றை வைத்துக்கொள்கின்றன. கேள்வி மென்பொருளுக்கு முந்தியது. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வயதுடையது. இதுவரை வந்த விடைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது, எங்கே தடுமாறுகிறது என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

இதற்கு அருப்புக்கோட்டை–திருச்சுழி வட்டாரத்தில் புழங்கும் மூன்று சொற்கள் துணைக்கு வருகின்றன: பாவு, ஊடை, சுழி. முதல் இரண்டும் தறியிலிருந்து வந்தவை. மூன்றாவது ஊரின் பெயரிலேயே இருக்கிறது.

ஐந்து டிகிரியின் விலை

இந்த வட்டாரத்தில் பனை பார்த்தவர்களுக்கு இழைத் திசையின் முக்கியத்துவத்தை விளக்க வேண்டியதில்லை. பனங்கையின் கறுத்த நார்கள் மரத்தின் நீளவாக்கில் ஓடுகின்றன. அதனால் கைமரமாகப் போட்டால் கூரையைத் தாங்குகிறது. அதே மரத்தை நார்களுக்குக் குறுக்கே இழுக்கும் சுமைக்கு விட்டால் நார்களுக்கு நடுவில் பிளந்துகொள்கிறது. கரி இழையை எபாக்சிப் பிசினில் பதித்துச் செய்யும் அடுக்கும் இதே குணம் கொண்டது, இன்னும் கூர்மையாக.

பாடப்புத்தகங்களில் எடுத்துக்கொள்ளும் வகையான எண்களை வைத்து ஒரு கணக்குப் போடலாம். இழையின் போக்கில் விறைப்பு 140 கிகாபாஸ்கல், குறுக்கே 10, சறுக்கு விறைப்பு 5, பாய்சான் விகிதம் 0.3 என்று கொள்வோம். இழுக்கும் திசையிலிருந்து இழை 5 டிகிரி விலகினால் தனி அடுக்கின் விறைப்பு 140-இலிருந்து ஏறத்தாழ 117-க்கு இறங்குகிறது. 10 டிகிரியில் 80. 45 டிகிரியில் 13. முதல் 10 டிகிரிக்குள்ளேயே நாற்பது விழுக்காட்டுக்கு மேல் போய்விடுகிறது.

உண்மையான பாகத்தில் பல கோணங்களில் அடுக்குகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருப்பதால் இழப்பு இவ்வளவு கடுமையாகத் தெரியாது. கையால் அடுக்கும் வேலையில் 3 முதல் 5 டிகிரி வரை பிசகைப் பொதுவாக ஏற்றுக்கொள்வதும் அதனால்தான். ஆனால் அந்தச் சலுகை முழுவதும் கைப்பிசகுக்காக ஒதுக்கப்பட்டது. ஆதாரக் கோட்டையே இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டால், யாரும் எந்தத் தவறும் செய்யாமலேயே அது தீர்ந்துபோகும்.

முதல் விடை: பாவு எங்கே ஓடுகிறதோ அதுவே நேர்

மிகப் பழைய விடை நெசவாளருடையது. அருப்புக்கோட்டைத் தறிகளில் முதலில் பாவு வருகிறது: நீளமாக ஓட்டி, கஞ்சி போட்டு, இழுத்துக் கட்டிய நூல்கள். ஊடை பிறகு வருகிறது. நாடாவில் ஏறிக் குறுக்கே போய்த் திரும்புகிறது. துணியின் எந்தத் திசையைச் சொல்வதானாலும் பாவைக் கொண்டே சொல்ல வேண்டும். அது இழுவிசையில் நிற்கிறது, நெய்யும் நேரம் முழுவதும் அசையாமல் இருக்கிறது, துணி சுருளாகப் போகும்போதும் சுருளின் நீளமாகவே போகிறது.

கண்ணாடி இழைத் துணியும் பின்னர் கரி இழைத் துணியும் தறியிலிருந்தே வந்ததால் விமானத் தொழில் இந்த வழக்கத்தை அப்படியே எடுத்துக்கொண்டது. சுழியம் டிகிரி என்றால் பாவு. 90 என்றால் ஊடை. பொறியியல் வரைபடத்தின் ஓரத்தில் 0, 45, 90, −45 என்று கைகள் நீட்டிய ஒரு சிறு குறி இருக்கும். ஆங்கிலத்தில் அதன் பெயரே "பாவுக் கடிகாரம்" என்ற பொருள் தருவது. கறுப்புத் துணியில் பாவும் ஊடையும் கண்ணுக்குப் பிரியாது என்பதால் இடையிடையே வேறு நிற அடையாள நூல் ஓட்டுகிறார்கள். சேலையில் கரை செய்யும் வேலையை இங்கே அந்த நூல் செய்கிறது.

நெசவு அறிவு இல்லாமல் இந்த விதியைக் கையாள முடியாது. எட்டு விழுது சாட்டின் துணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாவு நூலும் ஏழு ஊடைகளுக்கு மேலே போய் ஒன்றுக்குக் கீழே இறங்குகிறது. ஆகவே துணியின் ஒரு முகம் பெரும்பாலும் பாவு, மறு முகம் பெரும்பாலும் ஊடை. துணியை அப்படியே புரட்டி வைத்தால் திசைக் கோணம் மாறாமலே அடுக்கின் உள்ளமைப்பு மாறிவிடுகிறது. அதனால் பாவு எந்தத் திசை என்பதோடு பாவு முகம் மேலா கீழா என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

இந்த விடையின் பலம், அது கையில் பிடித்துக் காட்டக்கூடியது என்பது. அதன் குறையும் அங்கேயே இருக்கிறது. பாவு துணியின் திசையைச் சொல்கிறது. பாகத்தின் திசையைச் சொல்வதில்லை. வெட்டும் மேசையில் அது நேர்க்கோடு. குவிந்த மோல்டின் மேல் வைத்து அழுத்தியதும் அந்த நேர்க்கோடு வளைகிறது. வளைந்த பின் எந்த இடத்துப் பாவைச் "சுழியம்" என்பது?

இரண்டாம் விடை: வெளியே நட்ட அச்சின் நிழல்

பகுப்பாய்வாளர்கள் வேறு வழியில் வந்தார்கள். அவர்களுக்குத் துணி கையில் இல்லை; கணினியில் பரப்பைச் சிறு சிறு கட்டங்களாக நறுக்கி, ஒவ்வொரு கட்டத்துக்கும் விறைப்பைக் கணக்கிட வேண்டும். நாசா 1960களில் உருவாக்கத் தொடங்கிய நாஸ்ட்ரான் மரபில் தட்டுக் கட்டத்தின் பொருள் திசையை இரண்டு வழிகளில் சொல்லலாம். கட்டத்தின் முதல் முனையிலிருந்து இரண்டாம் முனைக்குப் போகும் விளிம்பைச் சுழியமாக வைத்து ஒரு கோணம் தருவது ஒன்று. தனியாக ஓர் ஆய அச்சை அறிவித்து, அதன் முதல் அச்சைக் கட்டத்தின் மேல் வீழ்த்திக்கொள்வது மற்றொன்று.

முதல் வழியின் ஆபத்து வெளிப்படையானது. கட்ட வலையைத் திருத்தி மீண்டும் நறுக்கினால் முனைகளின் வரிசை மாறும். வரிசை மாறினால் "முதல் விளிம்பு" வேறாகும். இழையும் சத்தமில்லாமல் திரும்பிவிடும். ஒழுங்கான செவ்வக வலையில் மட்டுமே இந்த விதியை நம்பலாம்.

அச்சை வீழ்த்தும் வழிதான் இன்று பரவலாக இருக்கிறது. நிழலைப் போல நினைத்துக்கொள்ளலாம்: நேரான கம்பி ஒன்றின் நிழல் மேடுபள்ளத்தில் விழுந்தால் பார்க்கும் திசைக்கு அது இன்னும் நேராகவே தெரியும். அபாகஸ் மென்பொருளில் பயனர் எதுவும் சொல்லாவிட்டால் பொது ஆயத்தின் முதல் அச்சைப் பரப்பின் மேல் வீழ்த்தி அதையே முதல் திசையாகக் கொள்கிறது. ஆனால் பரப்பு அந்த அச்சுக்கு நேர் எதிரே நின்றால் நிழல் சுருங்கி ஒரு புள்ளியாகிவிடும். அப்போது என்ன செய்வது? பரப்பின் செங்குத்துக் கோடு முதல் அச்சுக்கு 0.1 டிகிரிக்குள் வந்துவிட்டால் மூன்றாம் அச்சை வீழ்த்திக்கொள் என்பது அந்த மென்பொருளின் விதி.

இதை ஒரு விமான மூக்குக் கூம்பில் பொருத்திப் பாருங்கள். முதல் அச்சு விமானத்தின் நீளவாக்கில் இருக்கிறது. பக்கச் சுவர்களில் நிழல் ஒழுங்காக முனையை நோக்கி ஓடுகிறது. முனையை நெருங்க நெருங்க எல்லாப் பக்கங்களிலிருந்தும் வரும் நிழல்கள் ஓரிடத்தில் குவிகின்றன. சரியாக முனையில் நிற்கும் கட்டத்தில் விதி மாறி, திசை வேறொன்றாகிவிடுகிறது. அண்டைக் கட்டங்களோடு அதற்கு உறவே இல்லை. மென்பொருள் பிழைச் செய்தி எதுவும் காட்டாது; அதன் கணக்கில் அது பிழையும் இல்லை.

வடிவமைப்பு மென்பொருள்கள் இந்தக் கருத்தை வளர்த்து "ரோசெட்" என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தன. ஃபைபர்சிம், கேட்டியா, ஆன்சிஸின் ஏசிபி ஆகியவற்றில் பயனர் ஒரு தொடக்கப் புள்ளியையும் ஒரு திசையையும் தருகிறார். கூடவே அந்தத் திசை மற்ற இடங்களுக்கு எப்படிப் பரவ வேண்டும் என்பதையும் தேர்கிறார்: இணையாகவா, ஆரங்களாகவா, ஒரு வளைகோட்டைத் தொடர்ந்தா. சிறகுக்கு முன் விளிம்பையோ முதன்மைச் சட்டத்தையோ வழிக்கோடாகக் கொடுப்பது உண்டு. பாவு விதியிலும் அச்சு விதியிலும் மறைந்தே கிடந்த "பரவும் விதி" இங்கேதான் முதன்முறையாகத் தனிக் கேள்வியாக வெளியே வருகிறது. ஆனால் அந்தப் பரவலை வெறும் வடிவியல்தான் முடிவு செய்கிறது. உண்மையான துணி அப்படிப் போகுமா என்பதை ரோசெட் மட்டும் சொல்லாது.

மூன்றாம் விடை: துணியையே கேட்பது

துணி எப்படிப் போகும் என்ற கேள்விக்கு விமானம் பிறக்கும் முன்பே கணித விடை தேடியவர் ரஷ்யக் கணிதவியலாளர் செபிஷேவ். 1878-இல் பாரீசில் ஆடை வெட்டுவதைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். பாவும் ஊடையும் நீளாது. அவை வெட்டும் கோணம் மட்டும் மாறலாம் என்பது அவர் எடுத்துக்கொண்ட அடிப்படை. அத்தகைய கண்ணி எந்த வளைபரப்பின் மேல் எப்படிப் படியும் என்பதே அவர் ஆராய்ந்தது. இன்றும் அந்த வகைக் கண்ணிக்கு அவர் பெயர்தான். 1956-இல் மாக், டெய்லர் இருவரும் நெய்த துணியைப் பரப்புகளின் மேல் பொருத்தும் கணக்கை ஜவுளி ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்கள். கணினி வந்தபின் இந்தக் கணக்குகளே துணி படிவதைக் காட்டும் மென்பொருள்களின் அடித்தளம் ஆயின.

தையற்காரர்களுக்கு இதன் சாரம் கைப்பழக்கம். கழுத்து வளைவுக்கு அவர்கள் "கிராஸ் பீஸ்" வெட்டுவது, துணி பாவின் போக்கிலோ ஊடையின் போக்கிலோ இழுபடாது, மூலைவாட்டில் இழுபடும் என்பதால்தான். அரைக்கோளம் ஒன்றின் உச்சியில் துணியை வைத்துக் கீழே படியவிட்டால், உச்சி வழியாகப் போகும் பாவும் ஊடையும் நேராக இறங்குகின்றன. அவற்றுக்கு நடுவே மூலைவாட்டில் போகும் இடங்களில் செங்கோணங்கள் சாய்சதுரங்களாக நசுங்குகின்றன. விளிம்பை நோக்கிப் போகப்போக நசுக்கம் கூடுகிறது. ஓர் எல்லைக்கு மேல் நூல்கள் ஒன்றையொன்று முட்டிப் பூட்டிக்கொள்ளும்; அதற்குப் பிறகு சுருக்கம்தான்.

இந்தப் பார்வையில் ஆதாரத் திசை என்பது ஒரே ஒரு புள்ளியில் மட்டும் இருக்கிறது: துணி முதலில் மோல்டைத் தொடும் இடத்தில். மற்ற இடங்களில் 0 என்றும் 90 என்றும் நாம் எழுதுவது நோக்கம். துணி எடுத்துக்கொள்வது வேறு. வரைபடக் கோணத்துக்கும் படிந்த கோணத்துக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணாகக் காட்டியது இந்த அணுகுமுறையின் பெரிய பங்களிப்பு.

இதன் குறைகளும் அந்தத் தொடக்கப் புள்ளியையே சுற்றுகின்றன. நடுவில் தொடங்கி வெளியே தடவுபவருக்கும் ஒரு விளிம்பில் தொடங்கி எதிர் விளிம்புக்குத் தடவுபவருக்கும் ஒரே துணியில் இரண்டு இழைப்படங்கள் கிடைக்கும். மென்பொருளில் சுட்டிய புள்ளியைப் பட்டறையில் கை மதிக்க வேண்டும். தவிர, நெய்யாத ஒருதிசை நாடாவில் ஊடையே இல்லை. முடிச்சிட்ட கண்ணி போல அது நடந்துகொள்வதில்லை. அதற்கும் இதே கணக்கைப் போடுவது எவ்வளவு சரி என்பது பொருளுக்குப் பொருள் மாறக்கூடும்.

நான்காம் விடை: சுமை போகும் தடம்

முதல் மூன்று விடைகளும் இழை எப்படி இருக்கிறது என்று கேட்டன. நான்காவது, அது எப்படி இருக்க வேண்டும் என்று கேட்கிறது. மிகக் குறைந்த பொருளில் ஒரு சுமையைத் தாங்கும் சட்டகம் எப்படி இருக்கும் என்று 1904-இல் மிச்செல் ஆராய்ந்தபோது, உறுப்புகள் முதன்மைத் திரிபுகளின் திசையில் அமையும் என்ற கருத்துக்கு வந்தார். ஹையரும் சாரெட்டும் 1991-இல் வளைந்து போகும் இழைகளைக் கொண்ட தட்டுகளை ஆராய்ந்தார்கள். குர்தாலும் ஒல்மெடோவும் 1993-இல் இடத்துக்கு இடம் விறைப்பு மாறும் தட்டு என்ற கருத்தை முன்வைத்தார்கள். குறுகிய இழை நாடாக்களைத் திருப்பித் திருப்பி வைக்கும் தானியங்கி இயந்திரங்கள் இதைக் காகிதத்திலிருந்து பட்டறைக்குக் கொண்டு வந்தன.

இங்கே ஆதாரத் திசையே தேவையில்லை, சுமையே திசையைச் சொல்லிவிடும் என்று தோன்றலாம். நடைமுறை அவ்வளவு சுத்தமாக இல்லை. 1993 ஆய்வின் வழியில் வந்த கணக்குகளில் நடுவில் ஒரு கோணம், விளிம்பில் ஒரு கோணம், இடையில் சீரான மாற்றம் என்று இழைப் பாதையை எழுதுகிறார்கள். அந்த இரண்டு கோணங்களும் தட்டின் ஓர் அச்சிலிருந்தே அளக்கப்படுகின்றன. வாசலில் அனுப்பிய ஆதாரக் கோடு கொல்லை வழியாகத் திரும்பி வந்துவிடுகிறது.

சுமை ஒன்றாக இருப்பதும் அரிது. சிறகு மேலே வளையும், முறுகும், தரையிறங்கும்போது வேறு விதமாக அதிரும். ஒவ்வொன்றுக்கும் முதன்மைத் திசைகள் வேறு. இயந்திரத்துக்கும் வரம்பு உண்டு: நாடாவை மிகக் குறுகிய வளைவில் திருப்பினால் உள் விளிம்பு மடிந்து எழும்பும். இணைப் பாதைகள் விரியும் இடத்தில் இடைவெளியும் நெருங்கும் இடத்தில் மேற்பொருந்தலும் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு முதன்மைத் தகைவுகளும் சமமாகும் புள்ளியில் "முதன்மைத் திசை" என்று ஒன்றே இல்லை. சுமையைக் கேட்டாலும் சில இடங்களில் அது பதில் சொல்வதில்லை.

சுழி

அச்சின் நிழல் மூக்கு முனையில் காணாமல் போனது. சுமையின் திசை சமப் புள்ளியில் காணாமல் போகிறது. இது மென்பொருள் எழுதியவரின் கவனக்குறைவா? இல்லை என்கிறது கணிதம். கோளத்தின் பரப்பு முழுவதும், எங்கும் அறுபடாமல், ஒரு திசைப் புலத்தை வரைய முடியாது என்பது பாங்கரேயும் பிறகு 1912-இல் பிரௌவரும் நிறுவிய தேற்றத்தின் சாரம். எங்காவது ஒரு சுழி விழுந்தே தீரும்.

தமிழில் இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது. உச்சந்தலையில் முடி சுற்றும் இடம் சுழி. மாடு வாங்குபவர்கள் தோலில் மயிர் திரும்பும் இடங்களைத் தேடிச் "சுழி பார்ப்பது" தெற்குச் சந்தைகளில் பழைய வழக்கம். கைரேகையிலும் சுழி உண்டு. சுந்தரர் பாடிய திருச்சுழியலின் தலபுராணம், ஊழி வெள்ளத்தைச் சிவன் ஓரிடத்தில் சுழித்து நிலத்துக்குள் இறங்கச் செய்ததாகச் சொல்கிறது. அதே சொல் எண்ணில் பூஜ்யத்தையும் குறிக்கிறது. சுழியம் டிகிரியைத் தேடிப் போகிறவர் சுழியில் வந்து நிற்பதை வேறு மொழியில் இவ்வளவு சுருக்கமாகச் சொல்வது கடினம்.

சுழி எத்தனை, எவ்வளவு வலுவானது என்பது எதை வரைகிறோம் என்பதைப் பொறுத்தது. ஒருதிசை இழைக்கு முன்னும் பின்னும் ஒன்றே. ஆகவே அதற்கு அரைச் சுழி போதும். பாவும் ஊடையும் சமமாக எண்ணப்படும் துணிக்குக் கால் சுழியும் போதும். இதை ஓலைக் கொட்டானில் கண்ணால் பார்க்கலாம். அடிப் பின்னலில் எங்கு விரல் வைத்தாலும் ஒரு முடிச்சைச் சுற்றி நான்கு கட்டங்கள் இருக்கும். அடியிலிருந்து சுவர் எழும்பும் மூலையில் மட்டும் மூன்று கட்டங்களே கூடும். அந்த ஒரு கட்டக் குறைவுதான் கால் சுழி. நான்கு மூலைகளில் நான்கு கால்கள் சேர்ந்து ஒரு முழுச் சுழி. விளிம்பு முழுவதும் ஓலை ஒரே சாய்வில் முடிய வேண்டுமென்றால் அந்த மொத்தக் கணக்கைத் தப்ப முடியாது. முடைபவர் சுழியை ஒழிக்கவில்லை. நான்காகப் பிரித்து, மூலை இருந்தே ஆக வேண்டிய இடங்களில் வைத்துவிட்டார்.

ராக்கெட் பொறியாளர்கள் செய்வதும் அதுவே. பிஎஸ்எல்வியின் மூன்றாம் நிலை மோட்டார் உறை அராமிட் இழையால் ஆன கூட்டுப்பொருள். இத்தகைய உறைகளை இழையைச் சுற்றிச் செய்யும்போது ஆதாரத் திசை பற்றிய சண்டை குறைவு: சுழலும் அச்சே சுழியம். மூடிய உருளையில் சுற்றுவாட்டுத் தகைவு நீளவாட்டுத் தகைவைப்போல் இரு மடங்கு என்பதால், இழை மட்டுமே சுமை தாங்குவதாகக் கொண்ட எளிய கணக்கில் சுற்றும் கோணம் 54.7 டிகிரி என்று வருகிறது. குவிந்த இரு முனைகளிலும் சுழி விழுகிறது. அங்கேதான் திறப்புகள் இருக்கின்றன. இழை துளையின் விளிம்பைத் தொட்டுத் திரும்பிவிடுகிறது. சுழி விழும் இடத்தில் பொருளே இல்லை.

கூட்டலும் கழித்தலும்

திசை தீர்ந்தாலும் குறி தீர்வதில்லை. கண்ணாடிப் பலகையில் சாய்கோடு ஒன்றை வரைந்து பின்னால் போய்ப் பார்த்தால் அது மறுபக்கம் சாய்ந்திருக்கும். +45 என்பதும் அப்படித்தான்: மோல்டை நோக்கிப் பார்க்கிறோமா, மோல்டின் உள்ளிருந்து வெளியே பார்க்கிறோமா என்பதைச் சொல்லாவிட்டால் அது பாதிச் செய்தி. இடஞ்சுழியாகக் கூட்டல் எண்ணும் வரைபடங்களும் உண்டு, வலஞ்சுழியாக எண்ணுபவையும் உண்டு. மென்பொருளில் பரப்பின் செங்குத்துத் திசை சில கட்டங்களில் புரண்டிருந்தால் இதே குழப்பம் உள்ளேயே நடக்கும்.

+45, −45, −45, +45 என்று நான்கு அடுக்குகளை வைத்தால் நடுக்கோட்டுக்கு மேலும் கீழும் சமச்சீர். மேல் பாதியை மட்டும் ஒருவர் எதிர்ப்புறமிருந்து படித்துவிட்டால் +45, −45, +45, −45 ஆகிவிடும். எண்ணிக்கை அதேதான், ஒவ்வொரு கோணத்திலும் இரண்டு அடுக்குகள். ஆனால் சூட்டில் இறுகி ஆறும்போது தட்டு முறுகி நிற்கும். முறுக்கத்தையே வேண்டிச் செய்த எடுத்துக்காட்டும் உண்டு: 1984-இல் பறந்த அமெரிக்காவின் எக்ஸ்-29 விமானத்தில் முன்னோக்கிச் சாய்ந்த சிறகு வளையும்போது தவறான பக்கம் முறுகாதபடி இழைகளைச் சாய்த்து வைத்தார்கள். அங்கே குறி மாறினால் காக்க வைத்த இழையே கெடுக்கும்.

இடது, வலது சிறகுகள் இதே சிக்கலின் இன்னொரு முகம். ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம் என்பதால் இடதில் +45 இருக்கும் இடத்தில் வலதில் −45 வர வேண்டும். ஆயத்தையும் பிம்பமாக்கினால் அது இடக்கை ஆயமாகிவிடும்; பெரும்பாலான மென்பொருள்கள் அதை ஏற்காது. ஆகவே ஆயத்தை வைத்துக்கொண்டு கோணங்களை மாற்றுவதா, ஆயத்தைத் திருப்பிக் கோணங்களை வைத்துக்கொள்வதா என்று ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். எடுத்ததை எழுதியும் வைக்க வேண்டும்.

இந்தியாவில் இந்தக் கேள்விகள் பெரிய அளவில் எழுந்த இடம் தேஜஸ். 2001 ஜனவரி 4-இல் முதன்முதலாகப் பறந்த அந்த விமானத்தின் உடற்கட்டமைப்பில் எடையளவில் ஏறத்தாழ 45 விழுக்காடு கூட்டுப்பொருள். அதற்காகப் பெங்களூருவின் ஏரோநாட்டிக்கல் டெவலப்மென்ட் ஏஜென்சி ஆட்டோலே என்ற அடுக்கு வடிவமைப்பு மென்பொருளைத் தானே உருவாக்கியது. ஏர்பஸ் ஏ380 பணிக்கும் பின்னர் அது வாங்கப்பட்டது. வடிவமைப்பு, பகுப்பாய்வு, துணி வெட்டு ஆகிய மூன்றுக்கும் ஒரே அடுக்குத் தரவு இருக்க வேண்டும் என்பதே இத்தகைய மென்பொருள்களின் மையக் கருத்து. ஆதாரத் திசை ஓரிடத்தில் ஒருமுறை எழுதப்பட வேண்டும் என்பது அதிலிருந்து தானாக வருகிறது.

எது தீர்ந்தது, எது தீரவில்லை

நான்கு விடைகளில் எதுவும் மற்றவற்றை முழுதாக வெளியேற்றவில்லை. துணி வெட்டுபவருக்குப் பாவும், பகுப்பாய்வாளருக்கு அச்சின் நிழலும், மோல்டில் விரிப்பவருக்குத் துணியின் படிவும், எடை குறைக்க நினைப்பவருக்குச் சுமையின் தடமும் இன்னும் தேவைப்படுகின்றன. ஒரே பாகம் இந்த நான்கு கைகளையும் கடந்து போகிறது என்பதே சிக்கலின் வேர். ஆகவே ஆதாரத் திசையை மென்பொருளின் ஒரு வசதியாகப் பார்ப்பதைவிட, நான்கு பேருக்கு இடையே எழுதிக்கொள்ளும் ஒப்பந்தமாகப் பார்ப்பது பொருத்தமாகத் தோன்றுகிறது.

ஒப்பந்தத்தில் இருக்க வேண்டியவை பற்றி இன்று பெரும்பாலும் கருத்தொற்றுமை உண்டு என்று சொல்லலாம்: தொடக்கப் புள்ளி, அங்கே சுழியத் திசை, அது பரவும் விதி, பார்க்கும் பக்கம், கூட்டல் குறியின் சுழற்சி. மென்பொருளின் இயல்பு ஏற்பாட்டை நம்பி இவற்றில் ஒன்றை விட்டுவைப்பது பாதுகாப்பானதல்ல என்பதிலும் கருத்து வேறுபாடு குறைவு.

தீராதவை மூன்று. முதலாவது, "உண்மையான" கோணம் எது என்பது: வரைபடம் சொன்னதா, படிவுக் கணக்கு காட்டியதா, செய்து முடித்த பாகத்தில் அளந்ததா? வலிமைச் சான்று எதன்மேல் நிற்க வேண்டும் என்பதற்கு எல்லாத் துறைகளுக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. இரண்டாவது, தரவுப் பரிமாற்றம். ஏபி209 போன்ற பொதுத் தரங்கள் அடுக்குகளையும் கோணங்களையும் கொண்டுபோக இடம் தருகின்றன. ஆனால் பரவும் விதியை அப்படியே இன்னொரு மென்பொருளிடம் ஒப்படைப்பதைவிட, கட்டத்துக்குக் கட்டம் கணக்கிட்ட கோணங்களை அனுப்புவதே நடைமுறையில் எளிது. அப்படி அனுப்பும்போது எண்கள் போய்ச் சேர்கின்றன, நோக்கம் பின்தங்கிவிடுகிறது. மூன்றாவது, தொடர் இழையை முப்பரிமாணத்தில் அச்சிடும் புதிய முறைகள். பரப்பே ஆதாரமாக இல்லாத இடத்தில் பாவையோ நிழலையோ எதன்மேல் வைப்பது என்பது இப்போதுதான் கேட்கப்படும் கேள்வி.

கோளம் போல மூடிய பரப்பில் சுழி விழும் என்பது மட்டும் எந்த விடையிலும் மாறவில்லை. நல்ல வடிவமைப்புக்கும் மோசமானதற்கும் உள்ள வேறுபாடு, சுழியின் இடத்தை யார் தேர்ந்தார் என்பதில் இருக்கிறது: வடிவமைப்பாளரா, மென்பொருளின் இயல்பு ஏற்பாடா, விரித்தவரின் கையா? மாட்டைப் பிடித்துப் பார்ப்பவர் பல்லைப் பார்ப்பதற்கு முன்பே சுழி எங்கே என்று தடவிப் பார்க்கிறார். அடுக்கு வரைபடம் கைக்கு வந்தால் கோணங்களைப் படிப்பதற்கு முன் தேட வேண்டியதும் அதுவாகவே இருக்கலாம். பல வரைபடங்களில் அது இன்னும் குறிக்கப்படுவதில்லை.